ஜெர்மனியா, டெக்சாஸா

1981 ஜூலை 6, திங்கள்

வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் மகள் பூரணிக்கு இரண்டு நாட்டிலிருந்து வேலை வந்திருக்கிறது. ஒன்று ஜெர்மனி. இன்னொன்று அமெரிக்காவில் டெக்சாஸ். மாதக் கடைசிக்குள் பதில் எழுத வேண்டுமாம். "நீ சொல்ற எடத்துக்குப் போறேம்மா" என்றாள். என் வீட்டுக்காரர் செத்து இன்னும் நூறு நாள் ஆகவில்லை. அவர் இருந்தால் சொல்லியிருப்பார். அஞ்சாவது படிச்ச எனக்கு இன்னா தெரியும்?

ஜூலை 8

எங்கள் கம்பெனியில் இரண்டு நாட்டுக்கும் ஷூ தைக்கிறோம். இன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜெர்மனி ஷூவுக்குள் கம்பளி. அமெரிக்கா ஷூ மெல்லிசு.

"இன்னாக்கா, ஷூவுக்குப் பொண்ணு பாக்கறியா?" என்று பக்கத்து மெஷின் தில்ஷாத் சிரித்தாள்.

காலுக்கே கம்பளி என்றால் மார்புக்கு என்ன போடுவார்கள்? இவளுக்குச் சளி பிடித்தால் லேசில் விடாதே. மெல்லிசு போடுகிற ஊரில் யாரும் நடக்கவே மாட்டார்களா?

ஜூலை 10

சூப்பர்வைசர் ஆபித் பாஷா மெஷின் கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஜெர்மனியில் இருந்தவர். அவரைக் கேட்டேன்.

"குளிர் ஜாஸ்திம்மா. பாஷை ஒரே பேஜார். ஆனா வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு, சம்பளத்தோட. ஒடம்பு சரியில்லன்னா கைக்காசு போவாது."

"டெக்சாஸ்?"

"நம்ம ஊரு வெயில்தான். சம்பளம் ஜாஸ்தி, லீவு கம்மி. கார் இல்லாம கடைக்குக்கூடப் போக முடியாதாம். வீட்ல துப்பாக்கி வெச்சிருப்பாங்களாம்."

துப்பாக்கியா!

ஜூலை 11

சோறு இறங்கவில்லை. குளிரா, துப்பாக்கியா?

ஜூலை 19, ஞாயிறு

பூரணி வந்தாள். "ஜெர்மனிக்குப் போ. அப்பா திவசத்துக்கு வரலாம்" என்றேன்.

"டெக்சாஸ்னா கொஞ்ச வருஷத்துல உன்னயும் கூட்டிக்கலாம். அப்பா மொகத்தப் பாக்கத்தான் வேலூர்லேர்ந்தே வந்து சேரல. ஆபரேஷன் டூட்டின்னு நின்னுட்டேன். உன்னயும் அப்டி விட மாட்டேன்" என்று அழுதாள்.

இனியும் எப்படி மறைப்பது? சொல்லிவிட்டேன். நீ லேட்டா வரல, நான்தான் சீக்கிரம் எடுக்கச் சொன்னேன். அன்னிக்கி வெள்ளி. இருட்டினா மறுநாள்தான் எடுக்கணும். சனிப் பொணம் தனியாப் போவாது, வீட்ல இன்னொரு உசுரக் கூட்டிக்கும்னாங்க. எனக்கு இருக்கறது நீ ஒருத்திதானே. பயந்துட்டேன். எடுங்கன்னு சொன்னேன்.

"மூணு மாசமா என்ன நானே திட்டிக்கிட்டு இருந்தேனே, பாத்துக்கிட்டுதானே இருந்த?"

தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

ஜூலை 22

கடிதம் இல்லை.

ஜூலை 25

இன்றும் இல்லை. கம்பெனியில் ஊசி விரலில் ஏறிவிட்டது. எந்த ஊர் என்று இனி நான் வாயே திறக்க மாட்டேன். அவள் என்னோடு பேசினால் போதும்.

ஜூலை 30

சாயங்காலம் வாசலில் பூரணி. கை கால் கழுவி, தட்டெடுத்துத் தானே சோறு போட்டுக்கொண்டாள். பாதி சாப்பிட்டபின், "ஜெர்மனிக்கு எழுதிப் போட்டுட்டேன்" என்றாள்.

"குளிருமே..."

"கம்பளி போட்டுக்கறேன். லீவு இருக்குதில்ல." அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "பெரியப்பாவுக்கு லெட்டர் ஒண்ணு எழுதி வையி. உன் கையால" என்றாள். என்னவென்றும் சொன்னாள். அப்படியே எழுதினேன்:

அவருடைய அண்ணன் கன்னியப்பன் அவர்களுக்கு. எனக்கு ஏதாவது ஆனால், எந்தக் கிழமையானாலும், யார் என்ன சொன்னாலும், ஐஸ் வைத்துக் காத்திருங்கள். பூரணி வந்து முகம் பார்க்காமல் என்னை எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு, பூங்காவனம்.