இருநூற்றுப் பதினொரு சிரிப்பு முகங்கள்

மேகலை-9, சோதனைப் பறப்பு 14
இருக்கை 38-கே. பயணி: தருண், வயது 16

07:50 | கைக்கடிகாரத்தில் உயரம்: 1,490 மீட்டர்

இந்தக் குறிப்பைத் திறப்பவருக்கு வணக்கம். ஒவ்வொரு சோதனைப் பயணியும் இருக்கைத் திரையில் நாட்குறிப்பு எழுத வேண்டுமாம்; விமானத்தின் எந்தத் திரையிலும் அது திறக்குமாம். எழுதுகிறேன்.

கோவையில் ஏறினோம். இந்தியப் பெருங்கடல் மேல் பதினான்கு மணி நேரம் வட்டமடித்துவிட்டுக் கோவையிலேயே இறங்குவோம். எங்கும் போகாத பயணத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று ஏறியிருக்கிறோம்.

புது விமானம், அகலமான விமானம். ஆனாலும் இருக்கைக்கு ஒரு கைப்பிடிதான். பெயரில் மட்டும் இரு கை. கால் நீட்ட இடம் உண்டு, கூரை உயரம், வெளிச்சம் இளநீர் நிறம். குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதே எனக்குப் பெரிய குறை.

என் கடிகாரம் மலையேறுபவர்களுக்கானது. காற்றின் அழுத்தத்தைப் பார்த்து உயரம் சொல்லும். வெளியே பதினோராயிரம் மீட்டர். உள்ளே காற்றை அமுக்கி வைத்திருப்பதால், கடிகாரம் ஏற்காட்டில் உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறது.

08:35 | 1,690 மீட்டர்

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை டிங் என்று மணி அடித்துத் திரையில் ஐந்து முகங்கள் வருகின்றன. அழுகை 1, சிரிப்பு 5. சௌகரியமாக இருக்கிறீர்களா, தொடுங்கள். எதைச் சோதிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. தெரிந்தால் பதில் மாறிவிடுமாம். பவி அக்காவுக்குத் தெரியும். என் சொந்த அக்கா, கேபின் வடிவமைப்புக் குழுவில் இருக்கிறாள், 30ஆம் வரிசையில் நான்கு திரைகளுக்கு நடுவே வேலை. இந்தச் சோதனைக்காக ஐந்து மாதம் வீட்டுக்கே வரவில்லை. என்னிடமும் வாய் திறக்கவில்லை.

போரடித்தது. கேப்டன் பெயரில் எல்லா இருக்கைக்கும் ஒரு செய்தி அனுப்பினேன்: "கழிவறையில் அமர்ந்திருப்போர் தயவுசெய்து சீட் பெல்ட் அணியவும்." ஐந்து பேர் மணி அடித்துப் பெல்ட் எங்கே என்று கேட்டார்கள்.

கேப்டன் ரோச் தூத்துக்குடிக்காரர். ஒலிபெருக்கியிலேயே பதில் வந்தது: "ஏல, 38-கே. இன்னொரு தடவ எம் பேர்ல மெசேஜ் போட்ட, ஒன்ன றெக்க மேல உக்கார வச்சிருவேன் பாத்துக்க."

09:10 | 1,840 மீட்டர்

இன்றைய சாதனை.

எனக்கு முன் வரிசையில், 37-டியில் பிச்சைமுத்து அண்ணன். கரூரில் பஸ் சீட் தைப்பவர். திரையில் எழுதினார்: "தம்பி, குஷன் எல்லாம் நம்ம சீட்ட விட நல்லாத்தான் இருக்கு. இந்த மணிதான் தூங்க விட மாட்டேங்குது. ஏதாச்சும் பண்ணு சாமி."

36-சியில் குணவதி டீச்சர்: "நானும் வழிமொழிகிறேன்."

பின்பக்கச் சமையலறையில் பராமரிப்புப் பலகை இருக்கிறது. நான்கு எண் கடவுச்சொல்லை யாரோ புண்ணியவான் காகிதத்தில் எழுதி அதன் மேலேயே ஒட்டியிருந்தார். இனிமேல் மணி அடிக்காது. கேள்வி வந்த நொடியில் எல்லா இருக்கையும் தானாக 5 சொல்லிவிடும். என்னுடையதை மட்டும் விட்டுவைத்தேன், ஒருவராவது உழைக்க வேண்டும் அல்லவா.

யாரும் பழையபடி மாற்றக் கூடாது என்று கடவுச்சொல்லையும் மாற்றினேன். அந்த நொடியில் கடிகாரம் காட்டிய உயரம்தான் புது எண். உலகத்தில் எவனும் கண்டுபிடிக்க முடியாது.

பிச்சைமுத்து அண்ணன்: "நீ நல்லா இருப்ப தம்பி."

10:30 | 2,640 மீட்டர்

தொட்டபெட்டா. ஊட்டிக்கும் மேலே. கடிகாரத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. இன்னும் திறக்காத சிப்ஸ் பாக்கெட், மலைப் பாதையில் பஸ் ஏறும்போது உப்புவது போல உப்பியிருக்கிறது. எல்லோரும் தூக்கம். அமைதி. என் சேவைக்கு விருது தரலாம்.

12:30 | 3,840 மீட்டர்

சிப்ஸ் பாக்கெட் வெடித்தது. யாரும் கண் விழிக்கவில்லை. தலை வலிக்கிறது. வெளியே உச்சி வெயில், ஆனால் பயணிகள் தூங்குகிறார்கள் என்று விமானமே ஜன்னல்களை இருட்டாக்கிவிட்டது.

அக்காவுக்கு எழுதினேன். பதில்:

"உங்கிட்ட மட்டும் சொல்றேன் டா. கேபின்ல காத்த எவ்ளோ லேசாக்கலாம்னுதான் டெஸ்ட். லேசாக்கினா பிளேன் உடம்ப மெலிசா கட்டலாம். கிட்டத்தட்ட எல்லாரும் சௌகரியம்னு சொன்னா ஒரு படி ஏறும், பத்துல ஒருத்தர் முகம் சுளிச்சாலும் இறங்கிடும். இப்ப லடாக்ல இருக்கற லே ஊர் உயரத்தையே தாண்டிட்டோம், இன்னும் அத்தனை பேரும் 5. நம்பவே முடியல டா."

மாஸ்க் தானாக விழாதா என்று கேட்டேன்.

"அந்த லிமிட்டையும் பைலட் அலாரத்தையும் இன்னைக்கு நிறுத்தி வெச்சிட்டோம். பயணியோட விரல்தான் அலாரம்."

மூன்று முறை படித்தேன். அப்புறம் செய்ததை எல்லாம் எழுதினேன். 211 இருக்கை. நான்தான். விளையாட்டு இல்லை.

"போடா லூசு. காலைல கழிவறைக்கு பெல்ட் போட்ட, இப்ப இது."

மறுபடி எழுதினேன். பதில் இல்லை.

13:30 | 4,440 மீட்டர்

30ஆம் வரிசைக்குப் போனேன். எட்டு வரிசைக்கு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். அக்கா கன்னத்தைக் கையில் தாங்கிச் சிரித்தபடி தூங்குகிறாள். உலுக்கினேன். "அஞ்சு டா, எல்லாம் அஞ்சு," என்றாள். நகங்கள் நாவல்பழ நிறம்.

பணியாளர்கள் நால்வரும் மடக்கு இருக்கைகளில் சாய்ந்திருக்கிறார்கள். பிச்சைமுத்து அண்ணனை அறைந்தே பார்த்தேன். மன்னிக்கவும் அண்ணே.

உள்தொலைபேசியில் கேப்டனைக் கூப்பிட்டேன். மாஸ்க்கை இறக்குங்கள், விமானத்தைக் கீழே கொண்டு போங்கள் என்றேன். சிரித்தார்.

"எல்லாம் பச்ச லைட்டு மக்கா. எனக்கே சொகமா இருக்கு. நம்ம கோ-பைலட்டு பாட்டெல்லாம் பாடுதான். நீ படுத்து ஒறங்கு."

பின்னால் நிஜமாகவே யாரோ பாடும் சத்தம். வரி எதுவும் சேரவில்லை.

என் இருக்கையில் 1 அழுத்தினேன். திரை சொன்னது: "38-கே பயணிக்குச் சிறு அசௌகரியம். கூடுதல் போர்வை பரிந்துரைக்கப்படுகிறது."

14:10 | 4,840 மீட்டர்

காக்பிட்டில் யாரும் எடுக்கவில்லை. கதவு உள்ளிருந்து பூட்டு. விமானம் தானாக வட்டமடிக்கிறது.

பராமரிப்புப் பலகை முன்னால் நிற்கிறேன். கடவுச்சொல் வேண்டும். கடிகாரம் காட்டிய எண். எந்த எண். காலையில் ஏதோ ஒரு எண். ஒன்றில் தொடங்கும். மூன்று தவறு செய்தால் பலகை இருபது நிமிடம் பூட்டிக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறது.

பக்கத்துச் சுவரில் ஆக்சிஜன் சிலிண்டர், சிறியது, ஒன்றே ஒன்று. நான் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது, கேபினைச் சரிசெய்யத் தெரியாது, கெடுக்கத்தான் தெரியும். அக்காவுக்குத் தெரியும்.

14:30 | 5,040 மீட்டர்

சிலிண்டர் மாஸ்க்கை அக்காவுக்கு மாட்டிவிட்டேன். நகம் மெல்ல ரோஜா நிறம் ஆனது. கண் திறந்தாள். திரைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எழுந்திருக்கப் பார்த்தாள், கால் நிற்கவில்லை. என்னைப் பலகைக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுத் திரையில் எழுதினாள்.

"பாஸ்வேர்ட் போடு. மீதிய நான் இங்கிருந்து பாத்துக்கறேன்."

"மறந்துட்டேன் கா."

"யோசி டா தருண். மெதுவா யோசி. பயப்படாத."

1480 போட்டேன். தவறு. 1940. தவறு. அப்புறம் என் கை எதையோ அழுத்தியது. எதை என்று தெரியவில்லை. தவறு. பூட்டிக்கொண்டது.

14:50 | 5,240 மீட்டர்

அக்காவிடம் திரும்பினேன். சிலிண்டர் முள் பூஜ்யத்தில். மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள், எனக்கு நீட்டுவது போல. கண் மூடியிருந்தது. அவள் திரையில் பாதியில் நின்ற வரி:

"நீ கொஞ்சம் இழுத்துக்க, அப்பதான் ஞாபக"

15:30 | 5,640 மீட்டர்

என் இருக்கைக்கு எப்படி வந்தேன். வந்துவிட்டேன். யாரோ போர்வை வைத்திருக்கிறார்கள். விமானமா. நல்ல விமானம்.

பலகை திறந்திருக்கும். எண் வேண்டும் எண் வேண்டும். எண்ண எண்ண எண் இல்லை. ஹா.

தலைவலி போய்விட்டது.

15:50 | 58 ஏதோ

சும்மா திரையை மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன். யார் எழுதியது இது, நன்றாக எழுதுகிறான். 09:10 என்று ஒரு குறிப்பு. அதன் தலையிலேயே இருக்கிறது. 1,840.

1840.

நானே எழுதி வைத்திருக்கிறேன் கா. நாள் முழுக்க இங்கேயேதான் இருந்திருக்கிறது. பலகை பன்னிரண்டு அடி. எழுந்து போய் நாலு எண் அழுத்தினால் போதும். எல்லாரும் எழுந்துவிடுவார்கள். எழுந்து போகணும்.

இதோ. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். எண்தான் கிடைத்துவிட்டதே, என்ன அவசரம். கால் நீட்ட இடம் இருக்கிறது. வெளிச்சம் இளநீர் மாதிரி. அக்கா நன்றாகத்தான் செய்திருக்கிறாள், இதை அவளிடம் சொல்லவே இல்லை. இறங்கினதும் சொல்லணும்.

முகங்கள் வந்துவிட்டன. சௌகரியமாக இருக்கிறீர்களா.

ஆமாம்

16:10 | தானியங்கிப் பதிவு

38-கே: பதில் 5, கையால் அளிக்கப்பட்டது. முந்தைய அசௌகரியம் நீங்கியது.
மொத்த இருக்கைகள் 212. சிரிப்பு முகங்கள் 212.
புகார் இல்லை. கேபின் உயரம் ஒரு படி கூட்டப்படுகிறது.