குதி உயர்ந்த செருப்பும் கையெழுத்தில்லாத தாளும்

வாரிசுச் சான்றிதழுக்கு எவையெவை தேவை என்று தொலைபேசியில் சொல்லியிருந்தேன். உன் மனைவி அமலி இன்று காலை அவற்றை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக என் மேசைமேல் வைத்தார். உன் இறப்புச் சான்று. குடும்ப அட்டை. உங்கள் திருமணத்துக்குப் பங்குத் தேவாலயத்தில் தந்த சான்று. நான்காவதாக வந்தது நான் கேட்காதது: பஸ் பாஸ் அளவில், ஓரம் மஞ்சளித்த பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்.

“அவரு பத்திரமா வெச்சிருந்தது எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன் சார்” என்றார்.

அதைப் படிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. எழுதியவன் நான்.

நாம் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். நான் சட்டம் படித்துத் திரும்பி விருத்தாசலம் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கியபோது, நீ ஜங்ஷனுக்கு அப்பால் ஒரு பீங்கான் பட்டறையில் அச்சு வார்ப்பவனாக இருந்தாய். கேமரா வைத்த செல்போன் ஊருக்குள் வந்த புதிது அது. ஒரு சனிக்கிழமை பிற்பகல், நகங்களில் வெள்ளைக் களிமண்ணோடு என் அலுவலகத்துக்கு வந்து, கட்சிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தாய்.

“டேய் வக்கீலு, ஒரு சந்தேகம். ஆம்பள ஒருத்தன் ஹீல்ஸு போட்டுக்கிட்டு ரோட்டுல நடந்தா கேஸு போடுவாங்களா?”

“எவன் நடக்கப் போறான்?”

“நான்தான்.”

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

“பங்கு நாடகத்துல நான் ராணி வேஷம் கட்டுனப்ப எல்லாரும் கைதட்டுனீங்க. நீயுந்தான். அன்னிக்கு அந்தச் செருப்பக் கழட்டினதுலேருந்து எனக்கு நேரா நிக்கற மாதிரியே இல்லடா.”

“பொம்பளயா ஆவணுமா உனக்கு?” என்று கேட்டேன். குறுக்கு விசாரணையில் கேட்பதைப் போலவே கேட்டேன். இப்போது நினைவில் அந்தக் குரலும் சேர்ந்தே ஒலிக்கிறது.

“மீசைய எடுன்னு எவனாவது சொல்லிப் பாக்கட்டும், தெரியும் சேதி. செருப்பு மட்டுந்தான் கேக்கறேன். நீ சித்திர வெயில்ல கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டுத் திரியற. ஏன்டான்னு நான் கேட்டனா?”

கேட்கவில்லை.

உன் காலளவுக்குப் பெண்கள் செருப்பு எந்தக் கடையிலும் இல்லை. அதற்கு நீ கண்ட வழி, இந்த ஊர்ப் பட்டறைக்காரன் ஒருவனுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. உன் இரு பாதங்களையும் பிளாஸ்டரில் அச்செடுத்து, அதில் வார்த்து, நரம்பு புடைத்தது வரை பதிந்த இரண்டு வெள்ளைக் கால்களைச் செய்தாய். பாண்டியிலிருந்த செருப்புத் தைப்பவரிடம் அவற்றை அமலிதான் கொண்டுபோனார். பஸ்ஸில் கண்டக்டர் பைக்குள் எட்டிப் பார்த்து, “என்னம்மா, வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடனா?” என்றாராம். “ஆமாங்க, வூட்டுக்காரருக்குக் கால் சரியாவணும்” என்றாராம் அமலி. இதைச் சொல்லிச் சொல்லி நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். அப்போது அவர் என்னை ‘அண்ணே’ என்றுதான் அழைப்பார்.

செருப்பு வந்தது. காப்பி நிறம், கணுக்காலில் வார், மூன்று அங்குலக் குதி. பட்டறை மூடியிருக்கும் ஞாயிறுகளில், பூசைக்குப் பிறகு, வார்ப்புக் கொட்டகையில் நீ நடந்து பழகினாய். முதல் வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு. பிறகு சுவரில்லாமல். தரையில் படிந்திருந்த களிமண் தூசியில் சின்னச் சின்ன வட்டங்களாக உன் குதி பதிந்த தடம், வாராவாரம் நேராகிக்கொண்டு வந்தது. வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, யாரும் வருகிறார்களா என்று பார்ப்பது என் பொறுப்பு. அதைக் குறையில்லாமல் செய்தேன்.

ஒரு ஞாயிறு, அச்சிலிருந்து எடுத்து இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகள் அடுக்கிய நீளப் பலகையை நீ தோளில் ஏற்றிக்கொண்டாய். நிலை தவறி ஒரு அடி வைத்தாலும் அவை சரிந்துவிடும். அந்தச் செருப்போடு கொட்டகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து, திரும்பி வந்து, பலகையை இறக்கினாய். ஒரு பிள்ளையாரின் காதுகூட மடங்கவில்லை.

“இனிமே ரோட்டுக்குப் போவலாம்” என்றாய். “ஆனா எவனாவது சட்டம் பேசுவான். சட்டப்படி தப்பு இல்லன்னு நீ ஒரு தாள்ல எழுதிக் குடு. கையெழுத்துப் போட்டு. அது பையில இருந்தா எனக்குத் தைரியம்.”

எழுதினேன். நீதிமன்ற வாசலில் தட்டச்சு செய்பவரிடம் கொடுக்காமல் நானே தட்டச்சு செய்தேன். பெயர் அச்சிட்ட தாளைத் தவிர்த்து வெள்ளைத் தாளில் செய்தேன். ஒருவர் காலில் எத்தகைய காலணி அணிவது என்பதை எந்தச் சட்டமும் கட்டுப்படுத்தவில்லை என்றும், அது அவரவர் தனிப்பட்ட உரிமை என்றும், அதன் பொருட்டு எவரையும் தடுக்க இயலாது என்றும் மூன்று பத்திகள். கடைசியில், ‘மேற்கண்ட கருத்து தகவலுக்காக மட்டுமே’ என்று ஒரு வரி. அதன் கீழே எதுவும் இல்லை.

நீ கவனித்தாய். “கையெழுத்து வெக்கலியேடா?”

“இது பொதுவான சட்டம். யார் கையெழுத்துப் போட்டாலும் போடாட்டியும் சட்டம் மாறாது” என்றேன்.

அந்த வாக்கியம் உண்மை. நான் கையெழுத்திடாததற்கு அது காரணமல்ல. என் பெயர் அந்தப் பொருளோடு சேர்ந்து வெளியே போகக் கூடாது என்பதுதான் காரணம். நீ என்னை நம்பினாய். ஜெராக்ஸ் கடையில் அதைச் சட்டைப் பைக்கு அடங்கும் அளவுக்குச் சுருக்கி, லேமினேட் செய்துகொண்டு வந்து காட்டினாய்.

“திங்கக்கிழம பட்டறைக்கு லீவு சொல்லிட்டேன். கட வீதி வழியா உன் கோர்ட்டு வாசல் வரைக்கும் வரேன். ரெண்டு பேரும் டீ குடிக்கலாம்.”

“ஞாயித்துக்கிழம வாயேன். கூட்டம் இருக்காது.”

“ஆளில்லாத ரோட்டுல நடக்கறதுக்குக் கொட்டாயே போதுமே. கோர்ட்டு வாசல்ல நிப்பே இல்ல?”

“நிப்பேன்” என்றேன்.

நின்றேன். அதைப் பதிவு செய்கிறேன். முற்பகல் பதினொரு மணிக்கு, நீதிமன்ற வாசல் டீக்கடையில், என்னைவிட மூத்த வழக்கறிஞர்கள் இருவருக்கு அருகில், கையில் டீ கிளாஸோடு நின்றேன். முதலில் கேட்டது சத்தம்தான்.

“டேய், கலியாணப் பொண்ணு வருது, வழி விடுங்கடா!”

“வூட்ல பொண்டாட்டி வெறுங்காலோட நிக்குதாம்!”

“மொய் எழுதிட்டுப் பின்னாடி வாங்கடா” என்று நீ திருப்பிச் சொன்னதும் கேட்டது. உன் பின்னால் இருபது முப்பது பேர் வந்தார்கள். இரண்டு பேர் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பேன்ட், முறுக்கிய மீசை, காப்பி நிறச் செருப்பு. தோளில் பலகை இருப்பதைப் போலவே நடந்தாய். நான் பார்த்த நடைகளில் அதைவிட நேரான ஒன்று இல்லை.

“யாருய்யா அது, நம்மளப் பாத்து வரான்?” என்றார் மூத்தவர் ஒருவர். நான் என் டீ கிளாஸைக் கடைப்பலகையில் வைத்தேன்.

அங்கு நின்றிருந்த காவலர் உன்னை நிறுத்தினார். நடுவயதுக்காரர். கெட்டவர் அல்லர், அதையும் பதிவு செய்கிறேன்.

“இன்னாய்யா இது, கூட்டம் சேத்துக்கிட்டு?”

“தப்பில்லைங்க. வக்கீல் எழுதிக் குடுத்துருக்காரு.” சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாய். எந்த வக்கீல் என்று நீ சொல்லவில்லை. ஆனால் உன் கண் என்மேல் இருந்தது, சிரிப்போடு. காவலர் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்து முடித்து, உன் பார்வையைத் தொடர்ந்து என்னிடம் வந்தார்.

“சார், இது நீங்க எழுதினதா? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. கூட்டத்த நானே கலச்சுட்டு அவர அனுப்பிடறேன்.”

மூத்தவர்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்போன்களும் திரும்பின.

“அதுல என் கையெழுத்து இல்லீங்களே” என்றேன்.

நான் சொன்னது பொய்யல்ல. எந்த நீதிமன்றத்திலும் அந்த வாக்கியத்தை உடைக்க முடியாது. என் தொழில் வாழ்க்கையில் நான் சொன்ன மிகத் துல்லியமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

நீ தாளை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாய். “ஆமா. இல்ல” என்றாய்.

“அப்பக் கழட்டுய்யா. கையில எடுத்துக்கிட்டு நட” என்றார் காவலர்.

டீக்கடைப் படியில் உட்கார்ந்து வாரை அவிழ்த்தாய். முடிச்சு இறுகியிருந்ததால் நேரம் பிடித்தது. யாரோ சீட்டியடித்தார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த வழியே வெறுங்காலில் திரும்பினாய். சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடந்தது. உன் நடை மாறவில்லை: குதிகாலைத் தரையில் பதிக்காமல், முன்பாதத்தில் உயர்ந்தே நடந்து போனாய். தார் சுட்டதாலா, பிடிவாதத்தாலா என்று நான் விசாரிக்கவில்லை.

“நல்லவேள தம்பி. கையெழுத்துன்னா யோசிச்சுத்தான் போடணும்” என்றார் மூத்தவர். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அந்த நாளில் என்னை அதிகம் கூச வைப்பது எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

அடுத்த மாதம் நீயும் அமலியும் குஜராத் பக்கம் ஓடு செய்யும் ஆலைக்குப் போய்விட்டீர்கள். போகும்முன் என்னைத் திட்டவில்லை. வழியனுப்ப நான் ஸ்டேஷனுக்கு வந்தபோது, “போயிட்டு வரேன்டா” என்று மட்டும் சொன்னாய். அமலிதான் முதல்முறையாக “வரோம் சார்” என்றார். அவர் சொன்னதை நான் கேட்காததுபோல் இருந்துகொண்டேன். பிறகு உனக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. எழுதினால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஒப்புதல் எழுத்தில் இருக்கக் கூடாது என்று கட்சிக்காரர்களுக்குச் சொல்பவன் நான். கடைசியில் உன் உயிரை எடுத்த மண் தூசி உன் நெஞ்சில் சேர்ந்துகொண்டிருந்ததும் எனக்குத் தெரியாது.

இன்று காலை அமலியிடம் கேட்டேன்: “அந்தச் செருப்ப அதுக்கப்புறம்...?”

“போட்டாரே சார். அங்க ஞாயித்துக்கிழமன்னா அதான், மார்க்கெட்டுக்கு. மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் அவங்களுக்கே பழகிப்போச்சு. குதி தேஞ்சு மூணு தடவ மாத்தினாரு.” சற்று நிறுத்தி, தாளைக் காட்டினார். “இது எப்பவும் பையில இருக்கும். அங்க எவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்னு நான் கேப்பேன். ஒரு வாட்டி போலீஸு நிறுத்துனாங்க. இத எடுத்து நீட்டி, ‘என் சிநேகிதன் வக்கீலு, எழுதிக் குடுத்தது’ன்னு இந்தியில சொன்னாரு. அந்த ஆளு தலகீழாப் புடிச்சுப் பாத்துட்டு, சரி போங்கன்னுட்டாரு. வூட்டுக்கு வந்து அப்படிச் சிரிச்சாரு.”

படிக்கத் தெரியாத ஒருவர் முன்னால் என் எழுத்து உன்னைக் காப்பாற்றியிருக்கிறது. படித்துப் புரிந்துகொண்டவரிடம் அதைக் கைவிட்டவன் நான்.

என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்த மைப் பேனாவை எடுத்து, அந்த உறையின் மேல், கடைசி வரிக்குக் கீழே, கையெழுத்திட்டேன். பிளாஸ்டிக்கில் மை ஒட்டவில்லை. துளித் துளியாகத் திரண்டு நின்றது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். என் பெயர் முழுவதும் விரலுக்கு வந்துவிட்டது.

அமலி தாளை எடுத்து, சேலைத் தலைப்பால் மிச்ச மையைத் துடைத்தார். “நிக்காது சார். அவரு வேர்வைக்கே ஒண்ணும் ஆவாத தாளு இது.”

“இத நான் வெச்சுக்கலாமா?”

“இது அவரு சாமான் சார்” என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வாரிசுச் சான்று விண்ணப்பத்தில் வழக்கறிஞருக்கான இடத்தில் கையெழுத்திட்டேன். தெளிவாக விழுந்தது.

இதுவரை எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். அமலியின் பெயரை எழுதியிருக்கிறேன். உன் பெயர் எங்கும் இல்லை. திட்டமிட்டுத் தவிர்க்கவில்லை. கை தானாகவே தவிர்த்திருக்கிறது. எச்சரிக்கை என்று இத்தனை காலம் நான் கௌரவமாகச் சொல்லிவந்தது இதுதான். இனி வேறு பெயரில் சொல்ல எனக்கு வயதும் இல்லை. கட்டைவிரலில் மை இன்னும் இருக்கிறது. மதியச் சாப்பாட்டை இடக்கையால் ஸ்பூன் வைத்துச் சாப்பிட்டேன். இந்த மையைக் கழுவாமல் வைத்திருப்பது எந்தச் சட்டத்திலும் செல்லாது என்பதை நன்கு அறிந்தே வைத்திருக்கிறேன்.