சட்டைப் பையில் செல்போன்

காத்திவாக்கம்,
16.11.2025

அன்புத் தம்பி உதயாவுக்கு,

அக்கா மதி எழுதுவது. இங்கே நான், மாமா, பிள்ளைகள், அம்மா எல்லோரும் நலம். நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். உன் அறையில் ஆறு பேர். நீயும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய். இங்கே அம்மா என் தோளை ஒட்டி உட்கார்ந்துகொள்கிறாள். இது அப்படிப் பேசுகிற விஷயம் இல்லை. லீவு முடிந்து ஆசீர்வாதம் அண்ணன் மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

உன் கல்யாண வேலை குறையில்லாமல் நடக்கிறது. காசிமேட்டு மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று. சினேகா வீட்டில் புடவை எடுத்துவிட்டார்கள். நிறம் எனக்குப் பிடிக்கவில்லை, கட்டப்போவது நானா, வாயை மூடிக்கொண்டேன். பத்திரிகையும் பேனரும்தான் பாக்கி. அதை நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பத்திரிகையில் நைனா படம் மேலே வர வேண்டும், பேனரில் ஆள் உயரத்துக்கு இருக்க வேண்டும் என்று சொன்னாய் அல்லவா? சுவரில் இருக்கிற படம் வெளுத்துப் போயிருக்கிறதே என்று சட்டத்தைப் பிரித்தேன். பின் அட்டைக்குள் அசல் போட்டோ மடித்து வைத்திருந்தது. கழுத்து வரைக்கும் வெட்டிப் பெரிதாக்கியதைத்தான் இத்தனை வருஷம் பார்த்திருக்கிறோம். அசலில் ஐந்து பேர் ஒரு போட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள். நைனா நடுவில். எனக்கு ஒரே சந்தோஷம். திருவொற்றியூரில் பேனர் அடிக்கிற கடைக்கு அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அங்கே கௌசர் என்று ஒரு பெண், கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "யக்கா, உங்க நைனா எப்போ தவறுனாரு?" என்று கேட்டாள். தொண்ணூற்றைந்தில் என்றேன். "அப்போ பாக்கெட்ல செல்லு கீதே?" என்றாள். நான் பீடிக்கட்டாக இருக்கும் என்றேன். இன்னும் பெரிதாக்கினாள். பொத்தான், சின்ன ஏரியல், எல்லாம் தெரிந்தது. தொண்ணூற்றைந்தில் நம் குப்பத்தில் லேண்ட்லைன் கூடக் கிடையாது உதயா.

அதற்கப்புறம்தான் பின்னால் நிற்கிற போட்டைப் பார்த்தேன். பைபர் போட்டு. நைனா கடலுக்குப் போனது கட்டுமரத்தில். நம் கரைக்கு பைபர் வந்தது சுனாமிக்கு அப்புறம், நிவாரணத்தில். பக்கவாட்டில் பெயின்ட்டில் எழுதியிருந்ததில் 2005 என்று தெளிவாகத் தெரிகிறது. நைனா போய்ப் பத்து வருஷம் கழித்து எடுத்த போட்டோ அது.

அந்தக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கௌசர்தான் தண்ணீர் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் காட்டினேன். அவர் படத்தில் முகத்தைப் பார்க்கவே இல்லை, நடுவில் நிற்கிறவர் போட்டின் மேல் வைத்திருந்த கையைப் பார்த்தார். இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கிறது. "அடியே, இது நம்ம பாரி அண்ணன்டி" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். காசிமேட்டில் என்ஜின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரே, அதே பாரி அண்ணன்தான். அப்போது மீசையும் முடியுமாக இருந்திருக்கிறார், இப்போது வழுக்கை. புது போட்டுகளுக்கு என்ஜின் மாட்ட இரண்டு நாள் வந்தவர் போட்டோவுக்கு நின்றிருக்கிறார். கல்லுக் குண்டாக இருக்கிறார். நம் மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் கடை. பேனர் வைத்திருந்தால் தனக்கே மாலை போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வந்திருப்பார்.

அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். போட்டோவை முன்னால் வைத்தேன். தலையை நிமிர்த்தவே இல்லை. "புள்ள அழுதுகினே கீறான். நான் இன்னா பண்றது?" என்றாள். உனக்கு நினைவிருக்கும். சுனாமியில் ட்ரங்குப் பெட்டியோடு அவர்கள் கல்யாண போட்டோவும் போயிற்று. நைனாவுக்கு இருந்தது அது ஒன்றுதான். ஐந்தாம் வகுப்பில் படித்தாய், நைனா முகம் மறந்துபோயிடும் என்று சொல்லிச் சொல்லி அழுதாய். எட்டு மாசக் குழந்தையாகப் பார்த்த முகம் உனக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? அந்தக் கல்யாண போட்டோவைப் பார்த்துத்தான் மனசில் வைத்திருந்தாய். தாடை கொஞ்சம் நைனா சாயல், வேறு கரை ஆள், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று இதை வாங்கி வெட்டி மாட்டிவிட்டாள். எனக்குப் பதினான்கு வயது, நானும் நம்பினேன். எனக்கு நைனாவின் வெடித்த குதிகால்தான் நினைவு, முகம் இல்லை.

ஒன்று யோசித்துப் பார். இந்த இருபது வருஷத்தில் அம்மா ஒரு நாளாவது அந்தப் படத்துக்குப் பூ வைத்திருக்கிறாளா? கற்பூரம் காட்டியிருக்கிறாளா? நீ போடு, நீ காட்டு என்று நம்மைத்தான் அனுப்புவாள். உயிரோடு இருக்கிறவருக்கு மாலை போட அவளுக்குக் கை வரவில்லை. நம்மைத் தடுக்கவும் முடியவில்லை. மாமா காசிமேட்டுக்குப் போய் வந்தால், என்ஜின்காரர் நல்லாக் கீறாரா என்று தவறாமல் கேட்பாள். ரிப்பேருக்காகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. அதே படத்தை நீ பர்ஸில் வைத்துக் கும்பிடுகிறாயே, ஏர்போர்ட்டில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாயே, அதை நினைத்துத்தான் கோபம். இப்போது இல்லை. உனக்கும் வரும். வந்தால் என்னைத் திட்டு. அவளிடம் போனில் எதுவும் கேட்காதே தம்பி, உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

பத்திரிகையில் 'அமரர் செல்வம்' என்று பெயர் மட்டும் போடச் சொல்கிறேன். படத்தைக் கழற்றிவிட்டோம். பாரி அண்ணனுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவரைக் குடும்பத்தோடு அழைக்க வேண்டும், முதல் பந்தியில் உட்கார வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

இன்னொன்றும் சொன்னாள். வருகிற மார்கழியில் உனக்கு முப்பத்தொன்று ஆரம்பிக்கிறது. நைனா போனதும் அந்த வயதில்தான். தாடியை எடுத்துவிட்டு, மீசை மட்டும் வைத்து, வெள்ளைச் சட்டையில், சிரிக்காமல் நேராகப் பார்த்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புவாயாம். வகிடு வலது பக்கம் எடுக்க வேண்டுமாம், நைனா அப்படித்தான் எடுப்பாராம். என் போனில் உன் படம் நூறு இருக்கிறதே என்றேன். "அதெல்லாம் இவன்" என்றாள்.

சுவரில் மாட்ட மாட்டாள், பயப்படாதே. சும்மா ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். சீக்கிரம் அனுப்பு சாமி. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
மதி