பாவு பிணைக்கும் நேரம்

ஆரணி,
புதன்கிழமை

அன்பு மகன் ஹேமநாத்துக்கு அம்மா சொல்லி எழுதுவது. நானும் உன் தங்கையும் நல்லபடியாக இருக்கிறோம், டெல்லிக் குளிரில் உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறதோ என்பதுதான் கவலை. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. இங்கே மழை விட்டுவிட்டது, அப்பாவின் தறியில் இப்போது தனக்கோடி பெரியப்பா நெய்கிறார். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி அப்பாவுக்கு முதல் வருஷத் திதி. "மூஞ்சியக் கூட பாக்கல, இப்ப வந்து என்னா பண்ணப்போறேன்" என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிளேனில் வந்தவன் ஏன் இருட்டினபின் வந்தான் என்று அப்பாவை எடுத்த அன்றைக்கு உறவுக்காரர்கள் கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதே. நெருப்பு வைக்கத்தான் நீ இல்லை, திதி கொடுக்கவாவது வா.

இதுவரை அம்மா சொன்னது. பால் வாங்கப் போயிருக்கிறாள். இனி தேவிப்ரியா எழுதுகிறேன், அண்ணா. போனில் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். அப்பா இறந்த அன்று காலை, பதினோரு மணி பிளேன் கிடைத்தது என்று நீ சொன்னதும் பெரியப்பா என்னைத்தான் கேட்டார், "எத்தினி மணிக்கு வந்து சேருவான், கரெக்டா சொல்லும்மா." நான் போனில் பார்த்தேன். டெல்லியிலிருந்து சென்னைக்கு இரண்டே முக்கால் மணி நேரம், அங்கிருந்து ஆரணிக்கு மூன்று மணி நேரம் என்று இருந்தது. இரண்டையும் கூட்டி, ஐந்து மணிக்குள் வந்துவிடுவாய் என்றேன். "அப்ப ஐஸ் பெட்டி வேணாம், விளக்கு வைக்கறதுக்குள்ள எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டார். சேலை எப்போது கிடைக்கும் என்று கடைக்காரர் கேட்டால் நம் வீட்டில் நெய்கிற நாளை மட்டும்தான் சொல்வோம், தறியில் மிஞ்சின பழைய நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைக்கிற நாளைச் சேர்க்க மாட்டோம் இல்லையா? அதே மாதிரிதான் அன்றைக்கும் கணக்குப் போட்டிருக்கிறேன். பிளேன் தாமதமாகக் கிளம்பும், இறங்கி வெளியே வர நேரமாகும், ஆற்காட்டில் பஸ் மாற நிற்க வேண்டும், ஒன்றையும் சேர்க்கவில்லை. ஏழு மணி என்று சொல்லியிருந்தால் ஐஸ் பெட்டி வரவழைத்து மறுநாள் காலை வரை வைத்திருப்பார்கள், நீ அப்பாவைப் பார்த்திருப்பாய். ஐந்தரைக்கு எடுத்துவிட்டார்கள். ஏழு பத்துக்கு நீ தெருமுனையில் இறங்கி ஓடிவந்தாய். எல்லோரும் உன்னைக் கேட்டார்கள், நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. நேற்றுதான் பெரியப்பாவிடம் சொன்னேன். தறியை நிறுத்தினார். பிறகு, "ஆற்காட்டுல பஸ்சுக்கு நின்னு நின்னு கால் ஓஞ்சவன் நானு, எனக்கே அது தோணலியே" என்றார்.

நிற்கிற நேரமெல்லாம் சேர்த்து, உன் அறையிலிருந்து நம் வாசலுக்குப் பதினோரு மணி நேரம், அண்ணா. எட்டாம் தேதி காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஏழு மணிக்கு வந்துவிடலாம்.

அம்மா வந்ததும் முழுவதையும் படித்துக் காட்டினேன். என் தலையில் கை வைத்தாள். பிறகு இதை எழுதச் சொன்னாள்: எட்டாம் தேதி வேண்டாம், ஏழாம் தேதியே கிளம்பி வா. மூச்சிரைப்பு மருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள். நல்லா இருப்பா.

சொன்னது அம்மா கற்பகம்,
எழுதியது தேவிப்ரியா.