புது வைஃபை பாஸ்வேர்டு

கண்ணில் பட்டதையெல்லாம் அமுக்கும் மன்னருக்கு,

நான் ஆபீஸ் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. குழாய் சரிசெய்பவர் மத்தியானம் வருவார்; பின்கதவுச் சாவி ஃப்ரிட்ஜ் மேல்.

உங்கள் லேப்டாப்பைச் சுத்தம் செய்தாயிற்று. "வேகமாக்குகிறேன்" என்று வந்து சட்டமாக உட்கார்ந்திருந்த இலவச மென்பொருள்களைத் துரத்திவிட்டேன். இனி எது எட்டிப்பார்த்துச் "சம்மதமா?" என்று கேட்டாலும் படிக்காமல் தலையாட்டாதீர்கள். கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்ல என்னை ஆறு மாசம் காக்க வைத்த மனுஷன், முகம் தெரியாத வெப்சைட்டுக்கு மட்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்கிறீர்களே!

நேற்று உங்கள் தங்கை முன்னால், "இவர் கையில கம்ப்யூட்டரைக் குடுத்தா உருப்பட்ட மாதிரிதான்" என்று சொல்லிவிட்டேன். நீங்களும், "இனிமே உங்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன், போ" என்று முறுக்கிக்கொண்டு படுத்துவிட்டீர்கள். சரி, கேட்க வேண்டாம். ஆனால் சாயங்காலம் மேட்ச் பார்க்க வைஃபை வேண்டுமே?

அதன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். புதுசு இதுதான்: தப்பு என் மேலதான்.

இடைவெளி விடாமல் அடிக்கவும். ஆங்கில எழுத்தில் எப்படி என்று ரூட்டர் மேல் ஒட்டியிருக்கிறேன். ஓர் எழுத்தை முழுங்கினாலும் மேட்ச் கிடையாது.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: ரொம்பக் குதிக்காதீர்கள். பாஸ்வேர்டை மாற்றுகிறவர் அதையே இரண்டு தடவை அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரூட்டர் ஒத்துக்கொள்ளாது. நான் இரண்டு தடவை அடித்துவிட்டேன். நீங்கள் ஒரு தடவை அடித்தால் போதும்.