செவந்திக்குக் கொடுத்த முகம்

நீலசந்திரா, பெங்களூர்
3-8-1958

அன்புள்ள வைத்தி,

சென்னை வெயிலிலும் நீ சுகமாக எழுதிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். வீட்டில் பிலோமினாவுக்கு இருமல் விட்டுவிட்டது; உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

உன் தொடர்கதையின் நான்காம் அத்தியாயத்துக்குப் படங்களை நேற்று ரிஜிஸ்தர் தபாலில் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். நீ சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்த வேலை என்பதால் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்று முடியவில்லை.

முதலில் நான் வரைந்த உன் கதாநாயகி செவந்தி, கல் சுமக்கிற கூலிக்காரியாக இல்லை, சினிமாக்காரியாக இருக்கிறாள் என்று ஆசிரியர் படங்களைத் திருப்பி அனுப்பினார். நியாயம்தான். கற்பனையில் வரைந்தால் என் கைக்கு அப்படித்தான் வருகிறது. அதனால் எங்கள் எதிர்வீட்டு யசோதாவின் முகத்தைச் செவந்திக்குக் கொடுத்தேன். யசோதா ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. அவள் புருஷன் முனிகிருஷ்ணன் மில்லில் ஃபிட்டர். மேடான கன்னம், எதையும் நேராகப் பார்க்கிற கண், இடது புருவத்தை இரண்டாக்குகிற சின்னத் தீத்தழும்பு. "இதுதான் முகம்!" என்று ஆசிரியர் கார்டு போட்டார். அடுத்த வரியிலேயே புடவையை இன்னும் கொஞ்சம் கிழிக்கச் சொல்கிறார்.

வைத்தி, இந்தச் சந்தில் எந்தப் பெண்ணும் கிழிசலோடு தெருவில் இறங்கமாட்டாள். தைத்துக் கட்டுவாள், தையல் வெளியே தெரியாமல் கொசுவத்துக்குள் மறைப்பாள். உன் கதையில் ஆண்கள் எல்லாரும் விடிந்ததும் குடித்துவிட்டுக் கிடக்கிறார்கள். இங்கே மில்லில் காலைச் சங்கு ஊதினால் அப்புறம் சந்தில் ஓர் ஆண்பிள்ளையைப் பார்க்க முடியாது. காலேஜ் நாளில் மல்லேஸ்வரத்திலிருந்து ஒரே ஒரு தடவை என்னைத் தேடி வந்தாய். அப்போதும் உள்ளே வராமல் சந்து முனையிலேயே நின்று சைக்கிள் மணியை அடித்துக்கொண்டிருந்தாய். அதை வைத்துக்கொண்டு எங்களைப் போன்றவர்களைப் பற்றி எப்படி இவ்வளவு எழுதுகிறாய் என்று எனக்குப் புரியவில்லை.

அத்தியாயம் என் கைக்கு வருவதே இல்லை. எப்படிப் படம் வேண்டும் என்று இரண்டு வரிச் சீட்டுதான் வருகிறது. கதை எங்கே போகிறது என்று நீயாவது எழுது.

உன்,
சிரில்

*

நீலசந்திரா
24-8-1958

வைத்தி,

நீ பதில் போடவில்லை. போட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

அடுத்து வந்த சீட்டில், "குடிசை வாசலில் குனிந்து நுழையும் செவந்தி திரும்பிப் பார்க்கிறாள், பின்னால் ஓர் ஆணின் நிழல்" என்று இருந்தது. வரைந்தேன். நிழல் அவள் புருஷனுடையது என்று நினைத்துக்கொண்டேன். பத்திரிகை வந்த பிறகுதான், அவள் மேஸ்திரியின் கொட்டகைக்குள் போகிறாள் என்று தெரிந்தது. உள்ளே நடப்பதை நீ இரண்டு பக்கத்துக்கு வருணித்திருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை நான் ஆபீஸிலிருந்து வந்து காலணியைக்கூடக் கழற்றவில்லை. யசோதா பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"சிரிலண்ணா, மொகம் என்னுது. இந்தத் தழும்புகூட என்னுது. கதை யாருது?" என்று கேட்டாள்.

சென்னையில் இருக்கிற என் நண்பன் எழுதுகிறான், வெறும் கதை என்றேன்.

"கதைன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கொழாய்கிட்ட நிக்கறவங்களுக்கு யாரு போய்ச் சொல்றது? கம்பவுண்டரு என்னப் பாத்து கன்னடத்துல 'ஏனம்மா செவந்தி'ங்கறான். எல்லாம் சிரிக்கறாங்கண்ணா."

வார்டு சிஸ்டரும் கூப்பிட்டு விசாரித்தாளாம். நோயாளிகள் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள், கொஞ்ச நாள் துணி வெளுக்கிற பக்கம் போய் இரு என்று மாற்றிவிட்டாளாம். ஒன்பது வருஷம் வார்டில் வேலை பார்த்தவள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதலாவது சொல்லியிருப்பேன்.

என்மேலும் தப்பு இருக்கிறது. அவளைக் கேட்காமல் முகத்தை எடுத்துக்கொண்டேன். தழும்பையாவது விட்டிருக்கலாம், பேனா அதையும் போட்டுவிட்டது. ஆனால் நான் முகத்தை மட்டும்தான் எடுத்தேன். அவள் மானத்தை நீ எடுத்துவிட்டாய். அடுத்த அத்தியாயத்தை மாற்று. செவந்தி கொட்டகையிலிருந்து உடனே வெளியே வந்துவிட்டாள் என்று ஒரு வரி போடு. நானும் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிடுகிறேன். தந்தியும் கொடுத்திருக்கிறேன்.

சிரில்

*

நீலசந்திரா
21-9-1958

அன்புள்ள வைத்தி,

கோபத்தில் போன தடவை உன் வீட்டாரை விசாரிக்கக்கூட மறந்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

உன் கடிதம் கிடைத்தது. ஊரே படத்து முகத்தை அடையாளம் கண்டுகொள்கிறது, ஒரு சித்திரக்காரனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி ஏது என்று கேட்டிருக்கிறாய். சமூகத்தின் புண்ணைத் திறந்து காட்டுவது எழுத்தாளன் கடமை என்கிறாய். நீலசந்திராவில் யார் பத்திரிகை படிக்கப்போகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். வைத்தி, தையல்கார லட்சுமம்மா உன் கதையை வாரம் தவறாமல் உரக்கப் படிக்கிறாள். பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். யாருக்காக எழுதுகிறாயோ எனக்குத் தெரியாது. யாரைப் பற்றி எழுதுகிறாயோ, அவர்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முகத்தை மாற்ற ஆசிரியர் சம்மதிக்கவில்லை. அந்த முகத்துக்காகவே கடிதங்கள் குவிகின்றனவாம். இது யாரையும் குறிப்பதல்ல என்று அறிவிப்பாவது போடச் சொல்லட்டுமா என்று யசோதாவைக் கேட்டேன். "வேணாண்ணா. தெரியாதவங்களும் யாருன்னு தேட ஆரம்பிச்சிடுவாங்க" என்றாள். எனக்கும் உனக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. பிறகு செவந்தியை முதுகு காட்டி நிற்கிறவளாக வரைந்து அனுப்பினேன். திரும்பி வந்தது. இனி வரைவதில்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். இந்த வாரப் பத்திரிகையைப் பிரித்தால், செவந்தி படத்தின் கீழே வேறு யாருடைய கையெழுத்தோ இருக்கிறது. மேலே அதே முகம். அதே கன்னம், அதே தழும்பு. யசோதாவைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவன் என் படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறான். இனி அந்த முகத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? கையில் கிடைத்த மைக்கூட்டைச் சுவரில் அடித்தேன். சுவர்தான் பாழானது.

இன்னொன்றும் நடந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

முனிகிருஷ்ணன் போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வந்த நேரத்தில் வீட்டுக்கு வந்தான். அவன் சத்தம் போடுகிறவன் இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து காப்பி குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "எம் பொண்டாட்டிய எங்க ஒக்கார வெச்சி வரைஞ்சீங்க சார்?"

எங்கேயும் உட்கார வைக்கவில்லை, அவளுக்குத் தெரியவே தெரியாது என்றேன். அவள்மேல் ஒரு பழியும் வரக்கூடாது என்ற அவசரத்தில், "எல்லாம் ஞாபகத்துலேருந்தே வரைஞ்சதுப்பா" என்றும் சொல்லிவிட்டேன்.

"அவ்ளோ ஞாபகமா சார்?" என்றான். எழுந்து போய்விட்டான். பிலோமினா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

அன்று மத்தியானம் சாப்பாடு போடும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "என் முகத்த அப்படி வரைய முடியுமா, பாக்காம?" பென்சிலை எடுத்து உட்கார்ந்து பார்த்தேன், வைத்தி. அவள் முகம் வரவில்லை.

முதல் தேதிக்கு அல்சூர் பக்கம் வீடு மாறுகிறோம். வீடு பிலோமினா பார்த்தது. நான் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. முனிகிருஷ்ணன் யசோதாவோடு பேசுகிறான், சாப்பிடுகிறான், சந்தில் அவளோடு சேர்ந்துதான் நடக்கிறான். ஆனால் எங்கள் வீட்டைத் தாண்டும்போது இரண்டு பேரும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அவள் இன்னும் துணி வெளுக்கிற இடத்தில்தான் இருக்கிறாள்.

நேற்று குழாயடியில் தற்செயலாக எதிர்ப்பட்டாள். குடத்தை இறக்காமலே, "உங்க ஃப்ரெண்டு அந்தப் பொண்ண சாவடிச்சிடுவாராண்ணா?" என்று கேட்டாள். லட்சுமம்மா வீட்டுக்கு அவளும் போய்க் கதை கேட்கிறாளாம். எனக்குத் தெரியாது என்றேன்.

கதை முடிய இன்னும் மூன்று வாரம் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். என் கையில் இப்போது பேனா இல்லை. உன் கையில் இருக்கிறது. உன் காலில் விழுந்து கேட்கிறதாக வைத்துக்கொள். அவளைக் கிணற்றில் தள்ளாதே. எவனையும் கொண்டுவந்து அவளை மன்னிக்க வைக்காதே. காலையில் எழுந்து, தலைவாரி, தைத்த புடவையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகட்டும். அது போதும். அவளை நிம்மதியாக இருக்க விடு. யசோதாவை நான் விடவில்லை.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் துணையிருக்கட்டும்.

சிரில்