பெட்டி ரொட்டி சுட்ட மச்சானுக்கு

என் மச்சானுக்கு, கடையநல்லூரிலிருந்து ஜைத்தூன் எழுதுகிறேன். அல்லாஹ் உங்கள் கபரை விசாலமாக்கிக் குளிர்ச்சியாக வைத்திருக்கட்டும். இருபது வருடம் கடல் தாண்டி இருந்தவருக்கு எழுதிப் பழகிய கை இது. எழுதினால் போய்ச் சேருமா என்று அப்போதும் நான் யோசித்ததில்லை. இப்போது மட்டும் எதற்கு யோசிக்க வேண்டும்?

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் மகள் நஸ்ரினுக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று போன மாதமே தென்காசியிலிருந்து அழைத்துவந்துவிட்டேன். மாப்பிள்ளை ஞாயிறுதோறும் வந்து அவளையும் பார்த்துவிட்டு, என் பிரியாணியையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகிறார். அவளுக்கு மூக்கு உங்களைப்போல, வாய் என்னைப்போல. பிறக்கப்போவது யாரைக் கொண்டிருக்குமோ, எனக்கு அதுதான் கவலை.

ஆனால் இந்தச் செய்திக்காக நான் எழுத உட்காரவில்லை. உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அதை எனக்கு உணர்த்தியது ஓர் அட்டைப்பெட்டி என்றால் நம்புவீர்களா?

நஸ்ரின் வந்த அன்று துணிப்பையோடு ஐஸ் போட்ட பை ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தாள். தென்காசியில் புதிதாக வந்திருக்கும் பெரிய கடையில் வாங்கினாளாம். உள்ளே ஒரு பெட்டி, பெட்டிக்குள் கல்லாட்டம் எட்டு உருப்படி. சாக்லேட் குரோசான். உங்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மடிப்பு மடிப்பாக வெண்ணெய் வைத்த ரொட்டி, நடுவில் சாக்லேட். நம் ஊர் பப்ஸுக்குத் தூரத்துச் சொந்தம். அதைச் சுடாமல் பச்சையாகவே உறையவைத்து விற்கிறார்கள். வீட்டு ஓவனில் நாம் சுட்டுக்கொள்ள வேண்டும்.

"சுட்டுக் குடும்மா, திங்கணும்போல இருக்கு" என்றாள். பிள்ளைத்தாச்சி கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா?

ஓவனுக்கும் குறைவில்லை. நான் நச்சரித்து நச்சரித்து நீங்கள் கார்கோவில் அனுப்பிய ஓவன், ஏழு வருடமாகப் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு, தலையில் முறுக்கு டின்னைச் சுமந்துகொண்டு நின்றது. ஷார்ஜாவில் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பேக்கரி மாஸ்டராக இருந்த மனுஷன் லீவில் வரும்போது பெண்டாட்டி பிள்ளைக்கு ஒரு கேக்காவது போட்டுத் தர மாட்டாரா என்று ஒவ்வொரு தடவையும் எதிர்பார்த்திருந்தேன். "அங்கன மெஷின் வேற, இங்கன ஒத்துவராது" என்று சொல்லிவிட்டு நீங்கள் மீன் வாங்கக் கிளம்பிவிடுவீர்கள்.

அதில் எனக்கு உங்கள்மேல் ஆத்திரம். அது எங்கே போய் முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் என் வாயாலேயே சொல்கிறேன். நீங்கள் ஷார்ஜா வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்த வருடம், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் என் பெரிய அண்ணனின் கடை ஒன்று காலியானது. சீசனுக்கு வருகிற கூட்டம் பூராவும் அந்த வழியாகத்தான் போகும். பேக்கரி போடலாம் என்று இரண்டு அண்ணன்மாரையும் வீட்டுக்கு வரவழைத்து, நெய்ச்சோறு போட்டு, நானே பேச்சை எடுத்தேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். காரணம் கேட்டார்கள். "அதெல்லாம் என்னால ஆவாது" என்றீர்கள், அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

அப்போதுதான் அதைச் சொன்னேன். "இருவது வருசம் கத்துக்கிட்ட தொழில இங்கன செய்யக் கை வலிக்குதோ? உக்காந்து தின்னு சோம்பேறி ஆயிட்டிய." அண்ணன்மார் இருவரும் சோற்றுத் தட்டைப் பார்த்தார்கள். நீங்கள் எழுந்து கை கழுவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அசர் தொழுகைக்குப் போய்விட்டீர்கள். அடுத்த வாரம் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தீர்கள். எட்டு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. அந்த எட்டு மாதத்தில் நாம் எவ்வளவோ பேசினோம், சிரித்தோம். அந்த வார்த்தையை மட்டும் நான் திரும்ப வாங்கவே இல்லை. நான் சொன்னது சரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், மச்சான்.

பெட்டிக்கு வருகிறேன். நஸ்ரின் தூங்கிக்கொண்டிருந்தாள். ரமலானுக்குச் சமோசா மடித்து ஃப்ரீசரில் வைத்து, நோன்பு திறக்கிற நேரத்தில் நேராக எண்ணெயில் போடுகிறவள் நான். இதுவும் அப்படித்தானே என்று இரண்டை எடுத்து நேராக ஓவனில் வைத்தேன். மேலே கருகியது, உள்ளே பச்சை மாவு. எழுந்துவந்த உங்கள் மகள் பார்த்துவிட்டு, "ஏம்மா, பெட்டியில எழுதியிருக்கத வாசிக்க மாட்டியா? வெளிய எடுத்து வச்சு, உப்பி ரெண்டு மடங்கு ஆன பெறவுதான் சுடணுமாம்" என்றாள்.

மறுநாள் மூன்றை எடுத்து அடுப்படியில் வைத்தேன். கத்திரி வெயில். ஓட்டு வீட்டு அடுப்படி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? உப்புவதற்கு முன்னால் வெண்ணெய் உருகி ஒழுகி, தட்டில் குளம் கட்டி நின்றது. அதைச் சுட்டால் வந்தது ரொட்டியுமில்லை, வறுவலுமில்லை. இருந்தாலும் நஸ்ரின் ஒன்றைத் தின்றாள். எனக்குத்தான் அழுகையும் கோபமுமாக வந்தது. ஊர் பூராவும் பேக்கரி மாஸ்டர் பெண்டாட்டி என்று பெயர், ஒரு பெட்டி ரொட்டியைச் சுடத் தெரியவில்லை.

மிச்சம் மூன்று இருந்தது. அதை அப்படியே ஃப்ரீசரில் விட்டுவிட்டேன். இந்த மாதம் சாரல் ஆரம்பித்து, குற்றாலத்துப் பக்கமிருந்து ஜிலுஜிலுவென்று காற்று வந்தபிறகுதான் மறுபடி தைரியம் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. உங்களோடு ஷார்ஜாவில் ஒரே கடையில் வேலை பார்த்த செங்கோட்டை சலீம் தம்பியை நினைவிருக்கும். நீங்கள் கண்ணை மூடியபிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் போன் போட்டு, என்னை லாத்தா என்று அக்கா முறை சொல்லி விசாரிக்கிறார். நல்ல சமயத்தில் அழைத்தார். வீடியோவில் தட்டைக் காட்டி, இது உப்பிவிட்டதா என்று கேட்டேன்.

"தட்ட லேசா ஆட்டுங்க லாத்தா" என்றார். ஆட்டினேன். "இன்னும் ஆவல. ஆட்டுனா உருப்படி தளதளன்னு ஆடணும், மடிப்பு தெரியணும். அவசரப்படாதிய. ஃபேன் காத்து படாம மூடி வைங்க."

முக்கால் மணி நேரம் கழித்து அவரே மறுபடி அழைத்தார். இப்போது ஆடியது. "மேல முட்டை தடவி உள்ள வைங்க. நெறம் பாத்து எடுங்க, மணிய பாத்து எடுக்காதிய. அண்ணாச்சி அப்படித்தான் செய்வாரு."

"உங்க அண்ணாச்சி இதையெல்லாம் மாவு பிசைஞ்சு மொதல்லேருந்து செஞ்சவராச்சே" என்றேன் நான், பெருமையாக.

அந்தப் பக்கம் சலீம் தம்பி சிரித்தார். தப்பாகச் சிரிக்கவில்லை, நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். "மாவு எங்க பிசைஞ்சோம் லாத்தா? எல்லாம் பெட்டி பெட்டியா உறைஞ்சுதான் வரும். எடுத்து அடுக்கணும், உப்ப வைக்கணும், சுடணும். இருவது வருசம் அண்ணாச்சிக்கு இதுதான வேலை. ஆனா ஒண்ணு சொல்லணும், அண்ணாச்சி கை வச்சுப் பாத்து சரின்னாத்தான் எங்க கடையில தட்டு உள்ள போவும். அவரு நின்ன பெறவு எத்தன தட்டு கருகிச்சு தெரியுமா?"

அவர் பேசிக்கொண்டே போனார். நான் ஓவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே மூன்றும் மெல்ல எழும்பிக்கொண்டிருந்தன. பார்க்க அழகாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. முதலில் உங்கள்மேல்தான் கோபம் வந்தது, இத்தனை வருடம் என்னை ஏமாற்றிவிட்டீர்களே என்று. துணி மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. நீங்கள் ஷார்ஜா போன முதல் வருடம், போன் கார்டு தீர்வதற்குள் பேச வேண்டிய காலம். "பேக்கரின்னியளே, அங்கன என்ன வேலை மச்சான்?" என்று கேட்டேன். "பெட்டியில வருது, எடுத்துச் சுடுதோம், அவ்வளவுதான்" என்றீர்கள். "எதுவா இருந்தா என்ன, பேக்கரின்னா மாஸ்டர்தான?" என்று நான் சிரித்தேன். அதற்கு முந்தின நாள்தான் ஒரு கல்யாண வீட்டில் நூறு பேருக்கு நடுவே உங்களை மாஸ்டர் ஆக்கிவிட்டு வந்திருந்தேன்.

ஆக, பொய் உங்களுடையது இல்லை. நான் சொன்னேன், ஊர் சொன்னது, மகளுக்குச் சம்பந்தம் பேசும்போதும் அதையே சொன்னோம். நீங்கள் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் பெண்டாட்டி ஊருக்கு முன்னால் பொய்க்காரி ஆகியிருப்பாள். அதற்காகவா அத்தனை வருடம் வாயைக் கட்டிக்கொண்டீர்கள்? அண்ணன்மார் முன்னால் நான் சோம்பேறி என்றபோதுகூட "எனக்கு மாவு பிசையத் தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மச்சான்?

போன செவ்வாய்க்கிழமை தென்காசிச் சம்பந்தி அம்மா மருமகளைப் பார்க்க வந்தார். நான் இன்னொரு பெட்டி வாங்கி வைத்திருந்தேன். சலீம் தம்பி சொன்ன பக்குவத்தில் சுட்டு, சுடச்சுடத் தேயிலைத் தண்ணியோடு வைத்தேன். மடிப்பெல்லாம் விரிந்து, கடித்தால் பொரபொரவென்று உதிர்ந்தது. அவர் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டு, "மாஸ்டர் பொண்டாட்டின்னா சும்மாவா! அவுக கை உங்களுக்கும் வந்துட்டு மதினி" என்றார்.

சும்மா சிரித்து வைத்திருந்தால் முடிந்துபோயிருக்கும். நஸ்ரின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி வீட்டில் மகளுக்கு ஏதும் இளப்பமாகிவிடுமோ என்று யோசித்தேன். ஆனாலும் சொல்லிவிட்டேன். "இது கடையில வாங்குன பெட்டி மதினி. அவுகளும் அங்கன இதத்தான் செஞ்சாக. பெட்டியில வரதச் சுட்டுக் குடுக்கிற வேலை. மாஸ்டருன்னு சொன்னது நான்தான், அவுக சொல்லல."

சம்பந்தி அம்மா கையில் இருந்ததைத் தட்டில் வைத்தார். பிறகு, "எங்க வீட்டு ஆளு சவுதில தம்மாம் போயி பதினாறு வருசம் ஆவுது. கம்பெனின்னு சொல்லுதாரு. கம்பெனில என்ன செய்யுதாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது மதினி" என்றார். சொன்ன கையோடு போனை எடுத்து அங்கேயே அழைத்தார். "ஏங்க, நீங்க காலையிலேருந்து சாயந்தரம் வரைக்கும் அங்கன என்ன வேலை பாக்குதிய?" என்று கேட்டார். அந்த மனுஷர் பதறிப்போய், "என்ன ஆச்சு? யாருக்கு என்ன? பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?" என்று கத்தியது எங்களுக்கும் கேட்டது. நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் நஸ்ரின் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் பயந்துதான் போனேன்.

அவர் பஸ் ஏறிப் போனபிறகு, தட்டைக் கழுவிக்கொண்டே உங்கள் மகள் சொன்னாள். "எனக்கு மொதல்லயே தெரியும்மா. அத்தா சொல்லியிருக்காக."

எப்போது என்று கேட்டேன். நாம் பழைய குற்றாலம் போன அன்றாம். நான் பெண்கள் பக்கம் வரிசையில் நின்று அருவியை விட்டு வர மனமில்லாமல் குளித்துக்கொண்டிருக்க, நீங்கள் இருவரும் மேலே பையைக் காவல் காத்துக்கொண்டு மிளகாய் பஜ்ஜி தின்றீர்களே, அப்போது. பெட்டி எப்படி வரும், எப்படி அடுக்குவீர்கள், காலையில் கடை திறக்கும்போது அந்த வாசனைக்கே ஆட்கள் எப்படி வந்து நிற்பார்கள், எல்லாம் சொன்னீர்களாம். அதில் சாக்லேட் வைத்ததுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றும் சொன்னீர்களாம். "அம்மாட்ட சொல்லாத, பாவம், ஊரெல்லாம் பெருமையாச் சொல்லி வச்சிருக்கா" என்றீர்களாம்.

"ஏட்டி, பெறவு ஏன் இந்தப் பெட்டிய வாங்கிட்டு வந்த?" என்றேன்.

"அத்தா சுட்டது இதுதாம்மா. ஒரு தடவையாவது திங்கணும்போல இருந்துச்சு" என்றாள்.

அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். வயிற்றுப்பிள்ளைக்காரி குனிய முடியாமல் நின்றபடியே என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

மச்சான், பெரியவர்களிடம் கேட்பதுபோல் உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. நமக்குள் சண்டை வந்தால் மீன் குழம்பு வைத்துத்தான் சமாதானம் ஆவேன். இப்போது அதற்கு வழியில்லாமல் போய்விட்டது. அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து இரண்டு அண்ணன்மாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். அன்று சொன்ன அதே இடத்தில், அவர்கள் தட்டில் சோறு இருக்கும்போதே, என் மச்சான் சோம்பேறி இல்லை, பொய்க்காரியாக இருந்தது நான்தான் என்று சொல்லி, அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவர்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி. உங்களுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகவே சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வேலை என்னவென்று இருபது வருடம் கழித்துத் தெரிந்துகொண்ட,
உங்கள் மனைவி,
ஜைத்தூன்